சிங்கர் என்றால் எல்லாம் ஒன்றல்ல

பழைய தையல் மிஷினுக்குப் பாகம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான்: கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண் தெரியாவிட்டால் பழைய பாகத்தையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டும் இல்லாமல் கடைப்படி ஏறாதீர்கள். எங்கள் வீட்டு மிஷினைக் கெடுத்தது துருவும் அல்ல, வயதும் அல்ல. ‘சிங்கர்னா எல்லாம் ஒண்ணுதாம்மா’ என்று சொன்ன ஒரு மெக்கானிக்கின் அரம்தான்.

மிஷின் எங்கள் ஆயாவுடையது. சிங்கர் 66கே, கால் மிதி வைத்தது. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் வந்து, சுரங்கத்துக்காக ஊர் ஊராகக் காலி செய்தபோது ஆயாவின் ஊரும் போனது. வீடு போய், கொல்லைப் பலாமரம் போய், மாட்டு வண்டியில் ஏறி வந்த சாமான்களில் இதுவும் ஒன்று. பிறகு அப்பாவுக்கு நிறுவனத்தில் வேலை கிடைத்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். எங்கள் வட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பள்ளிச் சீருடை தைத்தது இந்த மிஷின்தான். அதனால்தான் ‘இதை வித்துட்டு மோட்டார் மிஷின் வாங்கு’ என்று சொந்தக்காரர்கள் எத்தனை முறை சொல்லியும் நான் கேட்கவில்லை. இன்றும் அந்த முடிவு சரி என்றே சொல்வேன்.

அம்மாவுக்குப் பிறகு மிஷின் என்னிடம் வந்தபோது அதில் இருந்த ஒரே பாபின் விளிம்பு நசுங்கிக் கிடந்தது. மெக்கானிக்கை வரச்சொன்னேன். அவர் தன் பையிலிருந்து ஒரு பாபினை எடுத்துப் போட்டார். உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. தைத்தால் அடிநூல் இறுகி இறுகி அறுந்தது. நகரும் தகட்டை மூடினால் பாபின் மேலே உரசியது. ‘பாபின் வேற மாதிரி இருக்குமோ அண்ணே?’ என்று கேட்டேன். ‘பெட்டிதாம்மா தேய்ஞ்சு மேடாயிடுச்சு’ என்றார். சின்ன அரம் ஒன்றை எடுத்து, பாபின் உட்காரும் பெட்டியின் உள்தரையை ராவ ஆரம்பித்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் நூல் ஓடி ஓடிக் கண்ணாடி போல வழவழத்திருந்த எஃகு அது. அவர் போன பிறகு விரல் வைத்துப் பார்த்தேன். சொரசொரவென்று கோடு கோடாக இருந்தது. அதன் பிறகு எந்த பாபின் போட்டாலும் நூல் அந்தக் கோடுகளில் மாட்டிக்கொண்டது.

உண்மை இதுதான். இன்றைக்கு நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கிளாஸ் 15 பாபின். உஷாவிலிருந்து லூதியானா மிஷின்கள் வரை, இந்தியாவில் செய்த கறுப்பு வீட்டு மிஷின்கள் பெரும்பாலும் சிங்கரின் 15-ஆம் மாடலைப் பார்த்துச் செய்தவை. என்னுடையது 66. இதன் பாபின் கொஞ்சம் குட்டை. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, ஆனால் தையலைக் கெடுக்க அது போதும். இரண்டையும் கண்ணாடி மேசையில் படுக்க வையுங்கள். 15-இன் முகம் சமதளம், அசையாமல் கிடக்கும். 66-இன் முகம் லேசாகப் புடைத்திருக்கும். விளிம்பை விரலால் அழுத்தினால் ஆடும். இந்த ஒரு சோதனையை அந்த மனிதர் செய்திருந்தால் அரத்தைத் தொட்டிருக்கவே வேண்டாம். 99, 201 மாடல்களுக்கும் 66-இன் பாபின்தான். உங்கள் மிஷின் இவற்றில் ஒன்றாக இருந்தால் கடையில் நீட்டுவதை நம்பி வாங்காதீர்கள்.

இனி உங்கள் மிஷின் எது என்று பார்ப்போம். பல பழைய சிங்கர்களில் மாடல் எண் பொறித்திருக்காது. தொடர் எண் மட்டும் இருக்கும். வலப்பக்கம் தூணின் அடியில் தேடுங்கள். என்னுடையது ‘ஈஜி’ என்று தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரின் கில்போவி ஆலையில் 1950 வாக்கில் செய்தது. 66கே, 15கே என்பதில் வரும் ‘கே’ அந்தக் கில்போவியைத்தான் குறிக்கிறது. 1980-இல் ஆலையை மூடிவிட்டார்கள். இன்றும் அங்கே ரயில் நிலையத்தின் பெயர் சிங்கர்தான்.

தொடர் எண் வயதைச் சொல்லும். பாகம் வாங்க அது போதாது. அடிநூல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்:

ஊசிக்குப் பக்கத்தில் தகட்டை நகர்த்தினால் உருண்டை பாபின் மேலிருந்தே தெரிகிறதா? 66, 99 அல்லது 201.

இடப்பக்க ஓரத்தில், கையால் வெளியே இழுக்கும் பாபின் கேஸ் இருக்கிறதா? 15. உங்களுக்குக் கவலையே இல்லை. எல்லாப் பாகமும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பாபின் விரல் போல நீளமாக, தோட்டா வடிவ ஷட்டிலுக்குள் இருக்கிறதா? 27, 28, 127, 128 இவற்றில் ஒன்று. கை மிஷின்கள் பலவும் இந்த 28, 128 வகைதான்.

ஷட்டில் படகு மாதிரி, அடிப்பலகை வயலின் மாதிரி இருக்கிறதா? 12. இது 1860-களில் வந்த மாடல். இதற்கு ஊசியே வேறு. கிடைக்கிற ஊசிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட். ஃபுட்டைக் கீழே இறக்கி, அதன் திருகின் நடுவிலிருந்து அடி வரை அளந்து பாருங்கள். அரை அங்குலம் வந்தால் குட்டைத் தண்டு, ஒரு அங்குலம் வந்தால் உயரத் தண்டு. வீட்டு மிஷின்கள் அநேகமாகக் குட்டைத் தண்டுதான். உஷாவுக்கு வரும் ஜிப் ஃபுட், ஹெம்மர் ஃபுட் அப்படியே பொருந்தும். டெய்லர் கடைகளில் ஓடும் 31கே உயரத் தண்டு. அந்த ஃபுட் பொருந்தாது. அமெரிக்காவில் செய்த ஆரம்பகால 66-களில் ஃபுட்டைப் பின்பக்கமாகத் திருகி மாட்டுவார்கள். அதற்கு எந்தக் கடை ஃபுட்டும் ஏறாது.

திருகுகளை மட்டும் ஒருபோதும் தொலைக்காதீர்கள். சிங்கர் தனக்கென்று தனிப் புரி வைத்திருந்தது. ஃபுட்டைப் பிடிக்கும் திருகு 9/64 அங்குலம், அங்குலத்துக்கு 40 புரி. ஹார்டுவேர் கடைத் திருகை அழுத்தி ஏற்றினால் ஓட்டைப் புரி போய்விடும். பிறகு தண்டையே மாற்ற வேண்டியதுதான்.

ஊசிக்கு அதிகம் சொல்ல வேண்டாம். தண்டு ஒருபக்கம் தட்டையான எச்ஏ-1 வகை கேளுங்கள். பனியன் கம்பெனி மிஷினுக்கான உருண்டைத் தண்டு ஊசி வேண்டாம். 66-இல் தட்டைப் பக்கம் வலப்புறம் பார்க்க வேண்டும், நூலை இடமிருந்து வலமாகக் கோர்க்க வேண்டும். எண்ணெய் என்றால் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டால் பிசுபிசுத்து இறுகிவிடும். நம் ஊர்ச் சாம்பலும் கரித்தூசியும் அதில் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டுப் புதிதாக விடுங்கள்.

இப்போது இணைப்புகள். இங்கேதான் என் மனம் இன்னும் ஆறவில்லை. ஆயாவின் மிஷினோடு ஒரு பச்சை அட்டைப் பெட்டி இருந்தது. அப்பா ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, உதவிக்கு வந்த சித்தப்பா அதைத் திறந்து பார்த்துவிட்டு ‘துருப்பிடித்த தகரம்’ என்று எடைக்குப் போட்டார். அதில் இருந்தது என்ன என்று பின்னால்தான் தெரிந்தது. ஓரம் மடிக்க ஹெம்மர்கள், பட்டி வைத்துத் தைக்க பைண்டர், மடிப்பு குறிக்க டக்கர், சுருக்கு வைக்க ரஃப்ளர்.

அந்த ரஃப்ளரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாவாடைக்கும் தலையணை உறைக்கும் இதைவிட நேர்த்தியாகச் சுருக்கு வைக்க இன்றுவரை எதுவும் வரவில்லை. கவை போன்ற ஒரு கை ஊசித் திருகின்மேல் ஏறி உட்காரும். ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் நீல எஃகுத் தகடு ஒன்று துணியை ஊசிக்கு அடியில் தள்ளும். முன்னால் 1, 6, 12, ஒரு நட்சத்திரம் என்று நான்கு அடையாளங்கள் உண்டு. 1 வைத்தால் ஒவ்வொரு தையலுக்கும் சுருக்கு, 6 வைத்தால் ஆறு தையலுக்கு ஒரு மடிப்பு, 12 வைத்தால் பன்னிரண்டுக்கு ஒன்று. நட்சத்திரத்தில் வைத்தால் சுருக்கே விழாமல் நேராகத் தைக்கும். பழைய சாமான் கடையில் இதைப் பார்த்தால் உடம்பில் பொறித்த எழுத்தைப் படியுங்கள். ‘சிமான்கோ’ என்றால் சிங்கர் தானே செய்தது என்று பொருள். பக்கத்தில் 120598 என்று இருந்தால் குட்டைத் தண்டு ரஃப்ளர். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அந்த நீலத் தகட்டின் பல் முனை உடைந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

என் ரஃப்ளர் பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. அரம் பட்ட பாபின் பெட்டிக்கு மாற்று, விருத்தாசலத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்த உடைந்த 66 தலையிலிருந்து வந்தது. பாகம் பாகமாகத் தேடி அலைவதைவிட அதே மாடலில் ஓடாத தலை ஒன்றை எடைக்கு வாங்கிவிடுவது மேல். பெட்டி, திருகு, ஸ்பிரிங், தகடு எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

நெய்வேலியில் வீட்டுக்கு வீடு ரிட்டயர்மென்ட் உண்டு, குவார்ட்டர்ஸ் காலி செய்யும் நாளும் உண்டு. உங்கள் பரணிலும் இப்படி ஒரு மிஷின் இருக்கும். எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் டிராயரையும் அட்டைப் பெட்டிகளையும் நீங்களே திறந்து பாருங்கள். உதவிக்கு வந்தவர்களிடம் அந்த வேலையை விடாதீர்கள். அலங்கார மேசை செய்ய மிதியை மட்டும் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஓடுகிற மிஷினை மேசையாக்குவது எனக்குச் சம்மதமில்லை.

என் மிஷின் டிராயரின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன்: 66கே. பாபின் கிளாஸ் 66. ஊசி எச்ஏ-1. குட்டைத் தண்டு. உங்கள் மிஷினுக்கும் இன்றைக்கே அப்படி எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை மெக்கானிக் வந்தால் முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். படித்த பிறகும் அரத்தை எடுத்தால், வந்ததற்கான கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.