நஞ்சு விழும்வரை காத்திருக்காதே

கடலூர்
ஐப்பசி 5

அன்புள்ள செல்விக்கு,

உன் ஆடு கறுப்பிக்கு மடி இறங்கத் தொடங்கிவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னாள். வைகாசிக் கடைசியில் கிடா சேர்ந்தது என்றால், 150 நாள் கணக்குப்படி இந்த மாதக் கடைசியில் குட்டி போடும். புவனகிரிப் பக்கம் மழை வலுக்கும் நேரம். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கொட்டிலைப் பார். வெள்ளாற்றங்கரைக் களிமண் ஒருமுறை ஊறினால் சீக்கிரம் காயாது. ஒரு மூலையில் பலகை போட்டு, மேலே வைக்கோலைப் பரப்பி, நனைய நனைய மாற்று. சாரல் வரும் பக்கம் சாக்கைத் தொங்கவிடு. பெரிய ஆடு எப்படியோ நனைந்து பிழைத்துக்கொள்ளும். பிறந்த அன்று 2 கிலோ இருக்கும் குட்டியால் அது முடியாது.

குட்டி விழுந்ததும் மூக்கு, வாயில் இருக்கும் சளியை மட்டும் துணியால் துடைத்துவிட்டுத் தாயிடம் விட்டுவிடு. நக்கி நக்கித்தான் அது தன் குட்டியை அடையாளம் காணும். தொப்புள்கொடியை மூன்று விரல் அகலம் விட்டுக் கட்டி, புது பிளேடால் நறுக்கி, நுனியை டிங்சர் அயோடினில் முக்கு. சாணியோ சாம்பலோ வைக்கவிடாதே. இரணஜன்னி அந்த வழியாகத்தான் நுழையும்.

இனி, இந்தக் கடிதம் எதற்கோ அதைச் சொல்கிறேன். நஞ்சு விழும்வரை குட்டிக்குப் பால் காட்டக் கூடாது என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வேலையில் இருந்த காலத்தில் ஊருக்கு ஊர் இதைக் கேட்டிருக்கிறேன். எத்தனை பெரியவர் சொன்னாலும் கேட்காதே. மனிதக் குழந்தை கருவிலேயே தாயிடமிருந்து நோய் எதிர்ப்புச் சக்தியை வாங்கிக்கொண்டு வருகிறது. ஆட்டின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. குட்டி வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அதற்குரிய பங்கு சீம்பாலில் இருக்கிறது. அந்தச் சக்தியை அப்படியே உறிஞ்ச அதன் குடலுக்கு ஒரு நாள்தான் அவகாசம், அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் குடிக்க வை. இன்னொன்று: குட்டி மடியை முட்டிக் குடித்தால்தான் கருப்பை சுருங்கும், நஞ்சும் தானாக இறங்கும். காத்திருக்கச் சொல்கிறவர்கள் காரியத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

குடிக்க விடுமுன் காம்பை ஒருமுறை பீய்ச்சிப் பார், அடைப்பு இருந்தால் விலகும். இரட்டைக் குட்டி என்றால் வலுத்தது இரண்டு காம்பையும் தனதாக்கிக்கொள்ளும். இளைத்ததை நீயே பிடித்து ஊட்டு. முதல் நாளில் அதற்கு 200 மில்லியாவது உள்ளே போக வேண்டும். துவண்டு கிடந்தால் வாய்க்குள் விரலை விட்டுப் பார். சில்லென்று இருந்தால் உடனே பாலைப் புகட்டாதே. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். சாக்கில் சுற்றி, வெந்நீர்ப் பாட்டிலை அணைத்து வைத்து, சூடேறித் தலை தூக்கிய பிறகு கொடு.

கறுப்பிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் வெல்லம் கரைத்து வை. அகத்தி, வேலிமசால், கொஞ்சம் தவிடு போதும். பிள்ளை பெற்றவள் என்று இரக்கப்பட்டு உன் ஆயா சோற்றை அள்ளிக் கொட்டப் பார்ப்பாள். சோறு ஆட்டு வயிற்றில் புளித்துவிடும், ஆளையே சாய்த்துவிடும். ஆயாவிடம் நான் சொன்னதாகச் சொல், உன்மேல் கோபம் வராது. நான்கைந்து நாள் தொலைவு மேய்ச்சல் வேண்டாம். நீ வயலுக்குப் போகும் நேரம் குட்டிகளைக் கொடாப்பில் போட்டு மூடு. தெருநாய்களை நம்ப முடியாது.

தொங்கும் நஞ்சை இழுக்காதே, கனமாக எதையும் கட்டியும் விடாதே. விழுந்ததும் ஆடு தின்னாமல் எடுத்துப் புதைத்துவிடு. 12 மணி நேரமாகியும் விழாவிட்டாலோ, மடி கல்லாகிச் சூடாக இருந்தாலோ 1962க்குப் போன் செய், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். குட்டி போட்ட நேரத்தைச் சுவரில் கரியால் எழுதி வை. வருகிற டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

அன்புடன்,
பெரியப்பா