கிடைத்த இடத்தைப் படியுங்கள்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சாலை வழியாகப் போகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கிருஷ்ணகிரி என்றால் சுங்கச்சாவடி. தருமபுரி என்றால் ஒகேனக்கல், ஓசூர் என்றால் தொழிற்பேட்டை. இந்த மூன்று ஊர்களையும் சுற்றியுள்ள கரட்டு நிலத்தில், கர்நாடகமும் ஆந்திரமும் வந்து தொடும் அந்த மூலையில், மாடு மீட்கப் போய் உயிர்விட்டவர்களுக்கும் புலியோடு போராடிச் செத்தவர்களுக்கும் எடுத்த கற்கள் ஊருக்கு ஊர் நிற்கின்றன. ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழமை உள்ளவையும் அவற்றில் உண்டு. அப்படிப்பட்ட கற்களில் சில தருமபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பல வருடங்களாக இவற்றுக்குப் போய் வருகிறேன். போகப் போக எனக்கு ஒரு முறை பழகியிருக்கிறது: அருங்காட்சியகத்தில் அரை நாள், பிறகு அங்கே பார்த்த கல் எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊரில் ஒரு நாள். இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிட்டால் முதல் பகுதியில் பாதி புரியாமலே போய்விடும் என்பது என் அனுபவம்.

முதலில் நடைமுறை. தருமபுரியில் இருப்பது மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம். கிருஷ்ணகிரியில் இருப்பது அருங்காட்சியகங்கள் துறையின் அரசு அருங்காட்சியகம். துறை வேறு என்பதால் விடுமுறை நாளும் விதியும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. ஆள் குறைவான இடங்கள் இவை. இருக்கிற ஒருவரும் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போயிருந்தால் கதவு பூட்டியிருக்கும். அதனால் முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. யாரோ ஆர்வத்தோடு வருகிறார்கள் என்று தெரிந்தால் உள்ளே இருப்பவர்கள் காத்திருந்து காட்டுவார்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம் இருக்கும். செல்பேசியில் எடுப்பதானாலும் கேட்டுவிட்டே எடுங்கள்.

உள்ளே போனதும் கண்ணாடிப் பெட்டிகளைத் தேடிப் போகாமல் வெளியே, திறந்த வெளியில் நிறுத்தியிருக்கும் நடுகற்களிலிருந்து தொடங்குவது நல்லது. காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்கு மணிக்குப் பிறகும் வெயில் சாய்ந்து விழும். அப்போதுதான் வெட்டெழுத்துகள் நிழல் வாங்கித் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே கல் வெறும் சொரசொரப்பான பாறையாக நிற்கும். நிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு டார்ச் போதும். கல்லின் முகத்துக்கு நேரே அடிக்காமல் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லை ஒட்டினாற்போல் பிடித்து அடியுங்கள். எழுத்து தெரியட்டும் என்று சுண்ணாம்போ மாவோ பூசுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. கல்லைக் கெடுக்கும் பழக்கம் அது. ஒளி ஒன்றே போதும்.

ஒரு கல்லின் முன் பத்து நிமிடமாவது நில்லுங்கள். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்ட ஒரு கல்லைச் சொல்கிறேன். இடுப்பளவு உயரம். வீரன் வலப்பக்கம் பார்த்தபடி ஒரு காலை மடக்கிப் பாய்கிறான். இடது கையில் வில், வலது கையில் குறுவாள். மார்பிலும் தொடையிலும் அம்புகள் தைத்திருக்கின்றன. அந்த அம்புகளைச் சிற்பி தனித்தனிக் கோடுகளாக, எண்ணிப் பார்க்கும்படி செதுக்கியிருக்கிறார். காலடியில் ஒரு கெண்டி, ஒரு சிமிழ். தலைக்கு மேலே வட்டெழுத்தில் நான்கைந்து வரி. இந்தப் பகுதியின் பல்லவர் காலக் கற்களில் அந்த வரிகள் பெரும்பாலும் ஒரே போக்கில் வரும்: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், யார் கவர்ந்த மாட்டை மீட்கும்போது செத்தான். இன்னார் மகன் இன்னான் பட்டான், அவனுடைய கல் இது, அவ்வளவுதான். புகழ்ச்சி கிடையாது. கோயில் கல்வெட்டில் அரசனின் மெய்க்கீர்த்தி பல வரி ஓடும். இங்கே ஊர்க்காவலன் ஒருவனின் பெயர் மட்டும் நிற்கிறது. அக்காலத்துச் சாதாரண மனிதர்களின் பெயர் தெரிய நமக்கு இதைவிட நல்ல சான்று அதிகம் இல்லை.

பிறகு பக்கத்துக் கற்களுக்கு நகருங்கள். எல்லைப்புறம் என்பது அங்கேதான் கண்ணுக்குப் படும். ஒரு கல்லில் ஒரே காட்சி: வீரன், ஆயுதம், எழுத்து. இன்னொரு கல் மூன்று அடுக்காக இருக்கும். கீழடுக்கில் சண்டை, நடுவில் தேவமகளிர் இருவர் வீரனைத் தோளோடு அணைத்து மேலே கொண்டு போகிறார்கள், உச்சியில் லிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருக்கிறான். இந்த மூன்றடுக்கு முறை கன்னட நாட்டில் பெருவழக்கு. இரண்டு மரபும் இந்த வட்டாரத்தில் கலந்தே கிடைக்கின்றன. எழுத்தும் அப்படித்தான். வட்டெழுத்து, தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாமே உண்டு. பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், ஹொய்சாளர், விஜயநகரத்தார் என்று ஆட்சி கைமாறிக்கொண்டே இருந்த நிலம் இது. சோழர்கள் நுளம்பபாடிக்கு நிகரிலிசோழ மண்டலம் என்று பெயர் வைத்தபோது இன்றைய கோலார்ப் பக்கமும் தருமபுரிப் பக்கமும் ஒரே மண்டலத்தில்தான் இருந்தன. நாம் வரைபடத்தில் பார்க்கிற மாநிலக் கோடு 1956-இல் வந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல், கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-இல். இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டு கற்களைப் பார்த்தால், எது தமிழ்க்கல், எது கன்னடக்கல் என்று பங்கு பிரிக்கிற அவசரம் போய்விடும்.

இனி முக்கியமான விஷயம். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் விளக்க அட்டை இருக்கும்: பெயர், காலம், கிடைத்த இடம். முதல் இரண்டையும் எல்லோரும் படிக்கிறார்கள். மூன்றாவது வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர், வட்டம் இரண்டையும் எழுதிக்கொண்டால் போதும். அட்டையில் அந்த வரி இல்லையென்றால் காப்பாட்சியரைக் கேளுங்கள், பதிவேட்டில் இருக்கும். அவரும் இல்லையென்றால் காவலரையோ உதவியாளரையோ கேளுங்கள். நெடுநாள் பணியில் இருப்பவர்களுக்கு அட்டையில் இல்லாதது தெரியும். “இது ரோடு போடறப்ப வந்துது சார். நாலு பேரு சேந்துதான் வண்டியில ஏத்துனோம். இதோட ஜோடிக் கல்லு இன்னும் ஏரிக்கரையிலேயே கெடக்குது” என்று ஒரு முறை ஒருவர் எனக்குச் சொன்னார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவல் அது. அன்று மாலையே ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தேன், கல் இருந்தது.

ஊருக்குக் கிளம்பும் முன் புத்தகத்தையும் ஒரு புரட்டுப் புரட்டிவிடுங்கள். தொல்லியல் துறை 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’, அதன்பின் வந்த ‘தருமபுரி கல்வெட்டுகள்’ ஆகியவற்றில் ஊர்வாரியாகக் கல்வெட்டு வாசகம் கிடைக்கும். துறையின் பழைய நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழில் புதிதாகக் கண்டறியப்பட்ட கற்களைப் பற்றிய குறிப்புகள் வரும். செல்பேசியில் இரண்டு பக்கம் சேமித்து வைத்தாலே கல்லின் முன் நிற்கும்போது பெரிய துணை.

கிராமத்தில் போய் “நடுகல் எங்கே இருக்கிறது?” என்று கேட்டால் பல இடங்களில் கையை விரிப்பார்கள். “வேடியப்பன் கோயில் எங்கே?” என்று கேளுங்கள். இந்த வட்டாரத்தில் நடுகல் வீரன் பல ஊர்களில் வேடியப்பன் என்ற பெயரில் சாமியாகிவிட்டான். பொங்கல் வைக்கிறார்கள், நேர்ந்துகொள்கிறார்கள். நான் போன ஓர் ஊரில் புளியமரத்தடியில் எண்ணெய்ப் பிசுக்கேறிய மூன்று கற்கள். காலை வேளையில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த பாட்டி, “என்ன கண்ணு, வேடியப்பனப் பாக்கவா வந்தீங்க? செருப்ப அங்கயே உட்டுட்டு வாங்க” என்றார். எழுத்து இருக்கிறதா என்று தயங்கித்தான் கேட்டேன். “இருக்குதுன்னு எங்க மாமனாரு சொல்லுவாரு” என்று மாலையை விலக்கி, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றித் தம் முந்தானையாலேயே துடைத்துக் காட்டினார். மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் கீழிருந்து வட்டெழுத்து மேலே வந்தது. இன்னான் பட்டான் என்ற செய்தியைப் படித்துச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “மாடு கெடச்சுதாமா?” கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. இத்தனை ஆய்வுரை கேட்டும் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

அந்தக் கல் அங்கேயே இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். வழிபாட்டில் இருக்கும் கல்லுக்கு ஊரே காவல். ஆனால் சாலை விரிவாக்கத்திலும் ஏரி தூர்வாரலிலும் புரட்டப்பட்டு, துணி துவைக்கவும் மடைக்கு அணையாகவும் போன கற்களும் இருக்கின்றன. அவை அருங்காட்சியகத்துக்கு வந்தே ஆக வேண்டும். அப்படி வரும்போது கிடைத்த இடம் சரியாகப் பதிவாக வேண்டும். ஊர்ப்பெயர் தொலைந்த நடுகல்லில் வீரன் மட்டும் மிஞ்சுகிறான். அவன் எதைக் காக்கச் செத்தானோ அந்த ஊர் போய்விடுகிறது.

உள்ளே இருக்கும் சின்னப் பொருள்களுக்கும் இதே வழிதான். புதிய கற்காலத்துக் கைக்கோடரிகளைப் பலர் வெறும் கூழாங்கல் என்று தாண்டிப் போவார்கள். வழுவழுவென்று தேய்த்து ஒரு முனையைக் கூராக்கியிருப்பதைப் பாருங்கள். ஜவ்வாது மலையில் இதே கோடரிகளைத் திறந்தவெளிக் கோயில்களில் வரிசையாக நட்டுப் பிள்ளையாராகக் கும்பிடுகிறார்கள். மலைக்குப் போய் அதைப் பார்த்தபின் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது வேறு மாதிரித் தெரியும். பெருங்கற்காலப் பானைகளைப் பார்த்தால் அடுத்து மல்லச்சந்திரத்துக்குப் போங்கள். பாறைக்குன்றின் மேல் கல்திட்டைகள், பலகைக்கல்லில் வட்டமான இடுதுளையோடு, இன்னும் நிற்கின்றன. ஹொய்சாளர் காலப் பொருள்களைப் பார்த்தால் வேப்பனப்பள்ளிப் பக்கம் குந்தாணி. 13-ஆம் நூற்றாண்டில் வீர ராமநாதன் தலைநகராகக் கொண்டிருந்த ஊர். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளைப் பார்க்கும்போது அட்டையில் உள்ள காலத்தைச் சற்றுக் கவனியுங்கள். பர்கூருக்குப் பக்கத்து மயிலாடும்பாறையில் 2021-இல் நடந்த அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அதற்கு முன் எழுதிய அட்டைகள் பழைய கணக்கைத்தான் சொல்லும்.

குழந்தைகளை அழைத்துப் போவதாக இருந்தால் எல்லாவற்றையும் காட்ட முயலாதீர்கள். பென்சிலும் தாளும் கொடுத்து ஒரு கல்லை வரையச் சொல்லுங்கள். என்னோடு வந்த ஒரு சிறுமிதான் வீரனின் காலடியில் இருந்த மாட்டுத் தலையை முதலில் கண்டுபிடித்தாள். நான் அதை அம்மி போன்ற ஏதோ ஒன்று என்று எண்ணியிருந்தேன்.

நேரம் இருந்தால் எல்லையைத் தாண்டுங்கள். பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர்க் கல்வெட்டு இருக்கிறது; போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கி.பி. 949-50 காலத்தது. தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வீழ்ந்த செய்தி அதில் இருக்கிறது. அந்தப் போரில் திறம் காட்டிய மணலேரன் பரிசாகக் கேட்டு வாங்கியது காளி என்ற வேட்டைநாயை. அது ஒரு காட்டுப்பன்றியோடு சண்டையிட்டு இரண்டும் செத்தன. அதற்காகத்தான் கல் எடுத்தார்கள். இதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே, மகேந்திரவர்மன் காலத்தில், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல். செத்த வீரனின் பக்கத்தில் அவனுடைய நாய் நிற்கிறது. பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லே சொல்கிறது. தக்கோலம் இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில், ஆதகூர் மாண்டியா மாவட்டத்தில். இரண்டு கற்களையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் தமிழ்நாட்டு வரலாறு, கர்நாடக வரலாறு என்று தனித்தனிப் புத்தகமாகப் படிக்க மாட்டார்கள்.

திரும்பும் முன் வருகைப் பதிவேட்டில் நான்கு வரி எழுதுங்கள். “அருமை” என்று மட்டும் எழுதாமல், எந்தப் பொருள் பிடித்தது, எந்த அட்டையில் ஊர்ப்பெயர் இல்லை என்று எழுதுங்கள். ஊழியர் வேண்டும், கூரை வேண்டும் என்று கேட்கும்போது காப்பாட்சியருக்கு அது உதவும்.

உங்கள் ஊர்ப்பக்கம் வயலிலோ கரையிலோ இப்படி ஒரு கல் கண்ணில் பட்டால் நகர்த்தாதீர்கள், ஆசிட் போட்டுக் கழுவவோ பெயிண்ட் அடிக்கவோ விடாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, சாய்ந்த வெயிலில் நேராக ஒன்று, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று எனப் படம் எடுங்கள். சர்வே எண், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது ஏரியின் பெயர், ஊர்க்காரர்கள் அந்தக் கல்லை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்டு மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். மண்ணைத் தோண்டும்போது சிலையோ காசோ கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்துவிட்டு, அதன் நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.