செங்கற்பட்டு ஜங்ஷனும் கிளைப்பாதைக் கிராமங்களும்

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் கொளவாய் ஏரி தென்படும். அதனை அடுத்து அமைந்துள்ளது செங்கற்பட்டு ஜங்ஷன். விழுப்புரம் செல்லும் முக்கியப் பாதையிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் செல்லும் கிளைப்பாதை இங்கே பிரிகிறது.

இக்கிளைப்பாதையின் வரலாறு சுவையானது. 1865-ஆம் ஆண்டில் அரக்கோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே 3 அடி 6 அங்குல அகலத்தில் இருப்புப் பாதை போடப்பட்டது. ஜப்பான் நாடு 1872-இல் தன் முதல் ரயிலை ஓட்டியதும் இதே அகலமுள்ள பாதையில்தான். பிற்காலத்தில் நமது பாதை மீட்டர் பாதையாக்கப்பட்டுச் செங்கற்பட்டு வரை நீண்டது. இன்று அகலப் பாதையாக உள்ளது.

பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத் முதலிய ஊர்களிலிருந்து தாம்பரம் பக்கம் வேலைக்கும் சந்தைக்கும் செல்வோருக்கு இந்த ஜங்ஷனே வாயில். சில வண்டிகள் நேரே சென்னைக் கடற்கரை வரை செல்கின்றன. மற்ற வேளைகளில் செங்கற்பட்டில் வண்டி மாற வேண்டும். கிளைவண்டி 7.10-க்கு வந்து, தாம்பரம் வண்டி 7.05-க்கே புறப்பட்டுவிடுமாயின், கீரைக்கட்டுடன் வந்தவர் கதி என்ன? ஐந்து நிமிடத்தால் அவருடைய காலைச் சந்தையே போய்விடும்.

"இன்னும் ஒரு வண்டி விடுக" என்று தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. ஆனால், இக்கிளை ஒற்றைப் பாதையாகவே இயங்கி வந்துள்ளது. எதிரெதிரே வரும் வண்டிகள் இரட்டைத் தண்டவாளமுள்ள நிலையத்தில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க இயலும். அத்தகைய இரு நிலையங்களுக்கிடையே ஓட்டம் 20 நிமிடம் எனக் கொள்வோம். ஒரு வண்டி வந்து சேர்ந்த பின்னரே எதிர்வண்டி புறப்படலாம். ஆகவே வண்டிகள் மாறி மாறிச் சென்றால், இரு திசைகளையும் சேர்த்து மணிக்கு மூன்று வண்டிகளுக்கு மேல் செல்ல வழியில்லை. நேரத்தைச் சிறிது மாற்றினும் அடுத்தடுத்த நிலையங்களில் கடப்பது மாறிவிடும். எனவே ஒரு பஞ்சாயத்து தனித்துக் கேட்பதைவிடப் பாதையிலுள்ள பஞ்சாயத்துகள் கூடிக் கேட்பதே பயன் தரும். பாலூருக்கு உகந்த நேரம் வாலாஜாபாத்துக்கு இடையூறாகலாமன்றோ?

மனுவில் எந்த வண்டி, எந்த இணைப்பு, எத்தனை நிமிடம், எத்தனை பேர் என்பன இடம்பெற வேண்டும். ஒரு மாதம் நேரங்களைக் குறித்துவைத்து, அக்குறிப்பையும் இணைத்துச் சென்னைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு அனுப்பலாம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரயில்வே பார்ப்பது பயணச் சீட்டுக் கணக்கை. சீட்டின்றி ஏறுபவர் அக்கணக்கில் வாரார். தம் ஊரின் கோரிக்கைக்குத் தாமே குழி பறிக்கிறார்.

பயணிகள் குறைந்தால் என்னவாகும்? ஜப்பானில் 1980-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் 83 கிளைப்பாதைகள் தேசிய ரயில்வேயிடமிருந்து விலக்கப்பட்டன. அவற்றுள் 38 மட்டுமே ரயில் பாதைகளாக நீடித்தன. அவற்றிற் பலவற்றில் உள்ளூர் ஆட்சி மன்றங்களும் முதலீடு செய்தன. எஞ்சிய 45 ஊர்வழிகளில் பேருந்துகள் ஓடலாயின.

நிலையத்துக்கு வரும் ஊர்ச்சாலையும் அதிலுள்ள விளக்கும் பெரும்பாலும் பஞ்சாயத்தின் பொறுப்பே. முதல் வண்டிக்கு இருட்டில் நடந்து வரும் பெண்கள் அச்சாலை வழியேதான் வருகிறார்கள். விளக்கு எரியாவிடில் அவர்கள் தண்டவாளத்தின் ஓரமாக நடக்கத் தொடங்குவர். அடுத்த கூட்டத்தில் முதலில் அந்த விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.