பெட்டிக்குள் உறங்கும் வரலாறு
(பத்தாம் வகுப்பு மாணவியர்)

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் அரசர்கள்தாம். பாடநூலில் மகேந்திரவர்மன் இருக்கிறான். ஜவ்வாது மலையில் சாமை விதைத்த நம் பாட்டன்மார் இல்லை. அவர்களைப் பற்றிய சான்றுகள் எங்கே இருக்கின்றன, அவற்றை அழியாமல் காப்பது எவ்வாறு என்று இவ்வாண்டு நாங்கள் தேடிப் பார்த்தோம். எங்களுள் பலர் மலையூர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயில்பவர்கள். ஆதலால் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளும் இந்த ஆராய்ச்சியில் இடம் பெற்றன.

நம் வட்டாரத்தின் மிகப் பழைய ஆவணம் காகிதம் அன்று, கல். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பாயும் செங்கம் பகுதியில், போரில் மடிந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் ஏராளம். அவற்றைப் படியெடுத்து, தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-ஆம் ஆண்டு 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. அதன் பதிப்பாசிரியர் இரா. நாகசாமி அவர்கள். அவற்றுள் எடுத்தனூர்க் கல் எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவகத்தி என்னும் வீரன் இறந்தான். அவனுடைய நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது. அந்த நாயின் பெயர் கோவிவன்! 1,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆண்டு தெரிகிறது, ஆளின் பெயர் தெரிகிறது, நாயின் பெயரும் தெரிகிறது.

இனி நம் வீட்டுச் சுவரைப் பார்ப்போம். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. ஐந்து பேர் நிற்கிறார்கள். இருவரைப் பாட்டி அடையாளம் சொன்னார்கள். மற்ற மூவரை "அவங்க மேலூருப் பக்கத்து ஆளுங்க" என்றதோடு சரி. படத்தின் பின்புறத்தில் ஓர் எழுத்தும் இல்லை. அரை நூற்றாண்டு கூட ஆகாத படம், பல்லவர் காலத்து நாயை விடக் குறைவாகப் பேசுகிறது.

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றி (கேரளத்தார் என்று வெளியூரார் இன்றும் எண்ணிக் கொள்கிறார்கள்!) ஆங்கிலேயர் காலத்தில் எழுதப்பட்டவை உண்டு. எச். ஏ. ஸ்டூவர்ட் திருத்தி 1890-களில் வெளிவந்த வடஆற்காடு மாவட்டக் கையேட்டில் ஒரு மரபுக் கதை பதிவாகியுள்ளது. சக ஆண்டு 1055-இல் கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளப் பெண்கள் ஏழு பேரைக் கவர்ந்து சென்றனர். மீட்கச் சென்ற ஏழு ஆண்கள் ஏழு நாய்களை உடன் அழைத்துச் சென்றனர். நாய்கள் மட்டும் திரும்பினால் தாங்கள் இறந்ததாகக் கொள்ளும்படி மனைவியரிடம் சொல்லியிருந்தனர். பாலாற்று வெள்ளத்தைக் கண்டு நாய்கள் திரும்பிவிட்டன. வெற்றியோடு வந்த ஆண்களை, கைம்பெண் கோலம் பூண்டுவிட்ட ஊர் ஏற்கவில்லை. அவர்கள் வேடர்குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறினர். இதையே எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தம் ஏழு தொகுதி நூலிலும் சேர்த்தார். இதை நடந்த செய்தியாக அப்படியே கொள்வதற்கில்லை. எனினும் நம் பெரியோர் 130 ஆண்டுகளுக்கு முன் தம்மைப் பற்றி என்ன சொல்லிக் கொண்டனர் என்பது எழுத்தில் நின்றுவிட்டது. எங்கள் பாட்டிமார் சொல்லும் கதைகளை எழுத ஒரு ஸ்டூவர்ட் வரப்போவதில்லை. நாங்கள்தான் எழுத வேண்டும்.

இது வெறும் பெருமைக்காகவா என்று ஒரு தோழி கேட்டாள். அன்று. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் வாழ்ந்து பயிரிட்டு வரும் பழங்குடியினர் அந்நிலத்துக்கு உரிமை கோரலாம். அதற்குரிய 2008 விதிகள், ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் கிராம சபை பார்க்க வேண்டும் என்கின்றன. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வீட்டுவரி ரசீது ஆகியவை சான்று. பழைய கிணறும் இடுகாடும் கோயிலிடமும் சான்று. உரிமை கோராத வேறு பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வைத்தால் அதுவும் சான்றே. கூரை வீட்டை இடித்துத் தளம் போடும்போது, "பழைய குப்பை" என்று அடுப்பில் போடும் கட்டுக்குள் இந்த ரசீதுகள் இருக்கக் கூடும்.

பழைய தாள்களில் 'வடஆற்காடு மாவட்டம்' என்றிருந்தால் வேறு ஊர்த் தாள் என்று ஒதுக்க வேண்டாம். 1989-இல் அம்மாவட்டம் பிரிந்தது. 2019-இல் திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று. ஊர் நகரவில்லை, பெயர்தான் மாறியது. கத்தோலிக்கக் குடும்பத்தாருக்கு மற்றொரு துணையும் உண்டு. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் விதித்தது முதல், பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் எழுதப்படுகின்றன. பெற்றோர், ஞானப் பெற்றோர் பெயர்களும் அவற்றில் கிடைக்கும்.

காக்கும் முறை கடினமன்று. பழைய பத்திரத்தை லாமினேஷன் செய்வதே பெருங்கேடு. சூடு பட்ட தாளைப் பிறகு பிரிக்க இயலாது. செல்லோடேப்பும் வேண்டாம், அதன் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். படத்தின் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். பின்புறம் பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முகத்தில் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதலாம். மலை ஈரத்தில் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக் கொண்ட படத்தை உரிக்காமல், அப்படியே செல்பேசியில் பிரதி எடுக்க வேண்டும். ஜன்னலோரப் பகல் வெளிச்சம் போதும், பிளாஷ் கூடாது. எழுபது, எண்பதுகளின் வண்ணப் படங்கள் கறுப்பு வெள்ளையை விட விரைவில் நிறம் மங்குவதால் அவற்றை முதலில் எடுத்தல் நலம்.

நம் மலையிலேயே காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததை அங்கே பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அன்றைய பதிவுகளால்தான். நாளும் நேரமும் குறிக்காவிடில் அந்தக் கோடுகளால் யாருக்குப் பயன்?

எங்கள் வகுப்பில் ஒரு தடித்த நோட்டு வைத்திருக்கிறோம். யார் படம், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் சொன்னது என நான்கு கட்டங்கள். நான்காவது கட்டம் எங்கள் ஆசிரியையான சிஸ்டர் சேர்க்கச் சொன்னது. பெற்றோர்களே, பொங்கல் விடுமுறைக்கு உங்கள் மகள் வீடு வரும்போது பெட்டியைத் திறந்து காட்டுங்கள். அசல் எதையும் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். அவள் பிரதி எடுத்துக் கொள்வாள். பாட்டி அருகில் இருந்தால் இன்னும் நல்லது.