சட்டியில் வளரும் கற்செடிகள்
சீடம் இனங்களை வளர்த்தலும் பராமரித்தலும்

விவசாயப் பாடம்

பாடத்தின் நோக்கம்

இப்பாடத்தைப் படித்து முடிக்கும்போது நீங்கள்,
(1) உங்கள் பகுதிக்கு ஏற்ற செடியைத் தெரிவு செய்யவும்,
(2) மழையிலிருந்து அதனைக் காக்கவும்,
(3) ஒரு தாய்ச்செடியிலிருந்து பல கன்றுகளைப் பெறவும்,
(4) இம்முயற்சி உங்கள் குடும்பத்துக்கு உகந்ததா எனக் கணக்கிட்டுத் தீர்மானிக்கவும் கூடியவர்களாக இருப்பீர்கள்.

முன்னுரை

மலைநாட்டில் நிலத்தை இழப்பது புதிய கதையல்ல. 1985இல் விக்டோரியா நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய தெல்தெனிய நகரமும் சூழவிருந்த வயல்களும் நீரில் மூழ்கின. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும் தோட்டத்தையும் ஒரே இரவில் இழந்தன.

உறவினர் வீட்டிலோ, வாடகை அறையிலோ, தற்காலிகக் கொட்டிலிலோ தங்கியிருக்கும் விவசாயிக்கு ஒரு பாத்தி மண்கூடச் சொந்தமில்லை. அவரிடம் மீதியாக இருப்பது செடியை வளர்க்கத் தெரிந்த கை. அந்தக் கைக்கு வேலை கொடுக்கக்கூடிய சிறு முயற்சி ஒன்றை இப்பாடத்தில் பார்ப்போம். இதற்குக் காணி தேவையில்லை. தயிர்ச்சட்டியும் ஒரு பிடி மணலும் போதும். வேறிடம் போகவேண்டி வந்தால் செடியும் கூடவே வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்களுக்குக் கிடைத்த இடம் கீரையும் மிளகாயும் போட மட்டுமே போதுமானால் அவற்றையே போடுங்கள். வயிற்றுக்கு உதவும் பயிர் முதலில். அலங்காரச் செடி அதற்குப் பின்னர்.

1. கற்செடி என்பது என்ன?

தடித்த இலையிலே நீரைச் சேமித்துக்கொண்டு, பாறை இடுக்கிலும் கல்மதிலிலும் வேர்விட்டு வாழும் செடிகளில் பெரிய இனம் சீடம். ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களின் மலைகளில் இதன் நூற்றுக்கணக்கான வகைகள் உள்ளன. ஜேர்மனியில் கட்டடங்களின் தட்டைக் கூரைமேல் சில அங்குல மண்ணைப் பரப்பி இதனை வளர்க்கிறார்கள். இலங்கையில் பலரும் அறிந்த ரணகள்ளியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. சிங்களத்தில் அக்கபான எனப்படும் இச்செடியின் இலையை மண்ணில் போட்டால் ஓரத்துப் பற்களிலிருந்து குட்டிகள் முளைப்பதைச் சிறுவர்களும் பார்த்திருப்பார்கள். பூக்கடைகளில் விற்கப்படும் கலஞ்சோ, ஜேட் செடி ஆகியனவும் இவற்றின் உறவினரே.

மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்ளே எடுக்கும். அப்போது நீரும் ஆவியாகப் போய்விடும். இக்குடும்பச் செடிகளோ வெயிலில் துளைகளை மூடிக்கொண்டு இரவிலே திறக்கின்றன. இரவில் எடுத்த கரியமில வாயுவைப் புளிப்புப் பொருளாக இலையில் சேர்த்துவைத்து, மறுநாள் வெயிலில் அதைக்கொண்டு உணவு தயாரிக்கின்றன. இதனால்தான் விடியற்காலையில் ரணகள்ளி இலை புளிக்கும். மாலையில் அந்தப் புளிப்பு இருக்காது. இதனைக் கவனித்து எழுதியவர் பெஞ்சமின் ஹைன். மொராவியன் சபையின் மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் சென்னை மாகாணத்தில் தாவரவியலாளராகப் பணியாற்றியவர் அவர். அவருடைய குறிப்பு 1815இல் இலண்டனில் வெளியாகியது. (இலையை நீங்கள் கடித்துப் பார்க்க வேண்டாம். காரணம் 7ஆம் பகுதியில் உள்ளது.)

2. குளிரைத் தாங்கும் செடி மழையைத் தாங்குமா?

இப்பாடத்தின் முக்கியமான கேள்வி இது. விற்பவர் “இது பனியிலும் சாகாத செடி” என்று சொல்லக்கூடும். அது உண்மையே. ஐரோப்பிய மலைகளின் சீடம் ஆக்ரி, சீடம் அல்பம், ரோசாப்பூ வடிவான செம்பர்வைவம் போன்றவை பூச்சியத்துக்குக் கீழே 25 பாகைக் குளிரிலும் உயிர்தப்பும். ஆனால் அங்கே குளிர்காலம் அவற்றின் ஓய்வுகாலம். வளர்ச்சியை நிறுத்தி, இலைநீரைக் குறைத்து, இனிப்புப் பொருளைக் கூட்டிக்கொண்டு உறங்கும்.

கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கே இரவு வெப்பநிலை 15 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. செடிக்கு ஓய்வு கிடைப்பதில்லை. மே தொடக்கம் தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் இடியோடு கூடிய பெருமழை. அதைத் தொடர்ந்து வடகீழ் பருவமழை. வெப்பமும் ஈரமும் சேரும்போது வேர் அழுகுகிறது. ஆகவே கண்டியில் இச்செடியின் எதிரி குளிருமல்ல, வரட்சியுமல்ல; தேங்கிநிற்கும் ஈரமே. கீழே வரும் செய்முறைகள் யாவும் இந்த ஒன்றை மனதிற்கொண்டு சொல்லப்படுபவையே.

3. இடத்துக்கேற்ற தெரிவு

1000 மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். எனவே உங்கள் ஊரின் உயரத்தைப் பார்த்தே செடியைத் தெரிவு செய்யுங்கள்.

கண்டி, பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பகுதிகள்: கழுதை வாலைப்போல் தொங்கும் மெக்சிக்கோ நாட்டுச் சீடம், கலஞ்சோ, ஜேட் செடி ஆகியன ஏற்றவை. கடுங்குளிர் நாட்டு வகைகளைத் தவிர்த்துக் கொள்ளுங்கள். ஆசை இருந்தால் ஒரு சட்டியில் மட்டும் பரீட்சித்துப் பாருங்கள்.

நுவரெலியா, ஹக்கலைப் பகுதிகள்: நுவரெலியா ஏறக்குறைய 1870 மீற்றர் உயரமானது. ஜனவரி, பெப்ரவரியில் சில இரவுகளில் உறைபனி விழும். கடுங்குளிர் வகைகளும் செம்பர்வைவமும் மழைக்கூரையின் கீழ் இங்கே ஓரளவு நன்றாக வரும். மாறாக, கலஞ்சோவும் ஜேட் செடியும் பனியில் கருகும்; இரவில் அவற்றை வீட்டுக்குள் எடுக்க வேண்டும்.

பூக்கும் காலத்துக்கும் பகல் நேரத்துக்கும் தொடர்புண்டு. கொத்தாகப் பூக்கும் உயரமான சீடம் வகைக்கு ஐரோப்பியக் கோடையின் நீண்ட பகல் தேவை. கண்டியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆகையால் இங்கே அது இலையோடு நின்றுவிடும். கலஞ்சோவுக்கோ நீண்ட இரவு தேவை. மாலை 5 மணி தொடக்கம் காலை 7 மணி வரை கறுப்புத் துணியால் அல்லது பெட்டியால் மூடி, ஆறு கிழமை தவறாமல் செய்துவந்தால் விரும்பிய காலத்தில் மொட்டு வரப் பண்ணலாம்.

4. சட்டியும் மண்ணும்

மண் தயிர்ச்சட்டி, பழைய தகரம், யோகட் கோப்பை, மூங்கில் துண்டு எதுவும் உதவும். அடியில் குறைந்தது மூன்று துளைகள் வேண்டும். மண்கலவை பின்வருமாறு:

பருமனான ஆற்றுமணல் அல்லது சிறு கற்றுண்டுகள் – 2 பங்கு
தோட்ட மண் – 1 பங்கு
நன்கு மக்கிய கூட்டெரு – 1 பங்கு
உமிக்கரி – அரைப் பங்கு

மணலை அரித்துத் தூளை நீக்கிவிடுங்கள். கடல்மணல் கூடாது. தும்புத்தூள் நீரைப் பிடித்துவைப்பதால் மழைக்காலத்தில் அதுவும் கூடாது. கலவையை நனைத்துக் கைப்பிடியில் இறுக்கி விரலைத் திறந்து பாருங்கள். உதிர்ந்து விழுந்தால் சரி. உருண்டையாக நின்றால் இன்னும் மணல் சேருங்கள்.

5. மழைக்கூரை

நான்கு மூங்கில் கால் நட்டு, மேலே தெளிந்த பொலித்தீன் விரித்து, பக்கங்களைத் திறந்து விடுங்கள். காற்றோட்டம் இல்லாத கூரை மழையைவிடக் கெடுதல். காலை வெயில் விழும் பக்கம் நல்லது. சட்டிகளைத் தரையில் வைக்காமல் இடுப்பளவு உயரப் பலகையில் வையுங்கள்.

சரிவில் தங்கியிருப்போர் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கூரை போடுவதற்காக வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவை வெட்டாதீர்கள். கூரை நீரைச் சரிவின்மேல் விடாமல் வடிகாலுக்குக் கொண்டு செல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் செடிகளை எடுப்பதற்காக ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். செடியை மீண்டும் ஓர் இலையிலிருந்து உண்டாக்கலாம்.

6. கன்று பெறும் முறை

இதற்கு ஏற்ற காலம் மழை ஓயும் ஜனவரி இறுதி தொடக்கம் மார்ச் வரை.

இலையிலிருந்து: முற்றிய இலையை அடியோடு மெதுவாகத் திருகி எடுங்கள். அடி கிழிந்த இலை முளைக்காது. இரண்டு மூன்று நாட்கள் நிழலில் வைத்துக் காயத்தை உலரவிடுங்கள். பின் ஈரமற்ற மணற்கலவைமேல் படுக்கவையுங்கள், புதைக்க வேண்டாம். மூன்று நான்கு கிழமைகளில் வேரும் சிறு குருத்தும் தோன்றும். அதன் பிறகே நீர் தெளிக்க வேண்டும்.

தண்டிலிருந்து: 2 அல்லது 3 அங்குலத் துண்டை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஓரிரு நாட்கள் உலர்த்தி நடுங்கள். நீக்கிய இலைகளையும் எறியாமல் மணலில் இடுங்கள்.

7. பராமரிப்பு

நீர்: விரலை மண்ணுள் விட்டுப் பாருங்கள். அடிவரை உலர்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். வெயில் மாதங்களில் கிழமைக்கு ஒருமுறை அல்லது பத்து நாட்களுக்கு ஒருமுறை போதும். தொடர்மழைக் காலத்தில் பெரும்பாலும் தேவையில்லை. இலை சற்றுச் சுருங்கினால் செடி நீர் கேட்கிறது. இலை கண்ணாடிபோல் வெளிறி மென்மையானால் நீர் கூடிவிட்டது என்று பொருள். சட்டிக்கடியில் தட்டு வைக்காதீர்கள். அதில் நிற்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

பசளை: மிகக் குறைவாகவே வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு கரண்டி கூட்டெரு போதும். மிகுந்தால் செடி நெடுத்துச் சாயும்.

அழுகல்: தண்டின் அடி கறுத்தால் அந்தச் செடியை மருந்தால் காப்பாற்ற முடியாது. கறுப்புக்கு மேலே நல்ல பாகத்தை வெட்டி, உலர்த்தி, புதிய மண்ணில் நடுங்கள். பழைய மண்ணை மற்றச் சட்டிகளில் போட வேண்டாம்.

பூச்சி: இலைக்கக்கத்தில் வெள்ளைப் பஞ்சுபோல் தெரிவது மாவுப்பூச்சி. சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். எறும்பு ஏறினால் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். நத்தைகளை இரவில் விளக்கோடு சென்று பொறுக்கி அழிக்கலாம்.

எச்சரிக்கை: ரணகள்ளி, கலஞ்சோ ஆகியவற்றில், விசேடமாகப் பூவில், இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு உண்டு. ஆடு மாடு எட்டாத உயரத்தில் வையுங்கள். கழித்த துண்டுகளை வேலியோரம் எறியாமல் ஆழக் குழியில் புதையுங்கள். ரணகள்ளி எறிந்த இடத்திலெல்லாம் முளைத்துக் களையாகிவிடும்.

8. வரவு செலவு

கடன் வாங்கி இதனைத் தொடங்காதீர்கள். மூன்று தாய்ச்செடிகள் போதும். ஒரு செடியில் 20 இலை எடுத்து, பாதி பிழைத்தால் 10 கன்றுகள். மூன்று செடிக்கு 30. ஒரு கன்று விற்பனைக்கு ஏற்றதாக வளர நான்கைந்து மாதங்கள் செல்லும். ஆகவே இது அன்றாடக் கூலிக்குப் பதிலாகாது. அதற்குப் பக்கத்தில் வரும் சிறு வருமானமே.

முதற் கன்று வளரும் காலத்திலேயே கண்டியிலும் பேராதனையிலும் பூங்கன்று விற்போர் இருவர் மூவரிடம் விலை விசாரியுங்கள். எந்த வகை விற்கிறது என்று கேட்டபின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஓர் அப்பியாசக் கொப்பியில் சட்டி, பொலித்தீன், பஸ் கட்டணம் ஆகிய செலவை ஒரு பக்கமும், விற்றதை மறுபக்கமும் எழுதிவாருங்கள். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே மழைக்கூரை போட்டால் செலவு குறையும். ஒருவரே எல்லாருடைய கன்றுகளையும் சந்தைக்கு எடுத்துச் செல்லலாம்.

9. சிந்தனைக்கு

“இங்கே நட்டால் ஊர்க்காணியைக் கைவிட்டதாக ஆகிவிடாதா?” என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. பாபிலோனில் அகதிகளாயிருந்த மக்களுக்கு எரேமியா இறைவாக்கினர் எழுதிய கடிதம் அவரது நூலின் 29ஆம் அதிகாரத்தில் உள்ளது. வீடு கட்டிக் குடியிருக்கவும் தோட்டம் நட்டுப் பலனை உண்ணவும் அவர் சொன்னார். அதே கடிதத்தில்தான் ஊர் திரும்பும் நாளைப்பற்றிய வாக்குறுதியும் இருக்கிறது. நடுவதும் திரும்பக் காத்திருப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

தங்கியிருக்கும் இடத்தின் சொந்தக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சட்டிகளை வையுங்கள். ஊர்க்காணியின் உறுதி, பெர்மிட், கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றைப் பொலித்தீன் உறையில் பத்திரப்படுத்துங்கள். தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் உடனே முறையிடுங்கள். போகும் நாள் வரும்போது எல்லாச் சட்டிகளையும் ஏற்ற முடியாவிட்டாலும் ஒரு கடதாசிப் பெட்டியில் இலைகளை எடுத்துச் செல்லலாம். இரண்டு கிழமை மண்ணில்லாமல் கிடந்தாலும் அவை முளைக்கும்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. உங்கள் தற்போதைய இருப்பிடத்தில் காலை வெயில் விழும் இடம் எது? அங்கே மழைநீர் எத்திசையில் ஓடுகிறது?
2. உங்கள் ஊரின் உயரத்துக்கு ஏற்ற செடிகள் எவை? ஏற்காதவை எவை? ஏன்?
3. உங்கள் குழுவில் மழைக்கூரையைச் சேர்ந்து போடக்கூடிய குடும்பங்கள் எத்தனை? விற்ற பணத்தை எவ்வாறு பங்கிடுவீர்கள்?
4. உங்கள் காணிப் பத்திரங்கள் இப்போது யாரிடம், எங்கே உள்ளன?

செய்முறை வேலை: அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் துளையிட்ட ஒரு சட்டியும், அரித்த மணல் ஒரு பேணியும், அடி கிழியாமல் எடுத்த இலைகள் ஐந்தும் கொண்டுவாருங்கள்.