வீட்டில் இசைப்பதிவு: ஒலி அட்டை தேர்ந்தெடுக்கும் முறை

கணிப்பொறி ஒன்றும் நல்ல குரல் ஒன்றும் இருக்குமாயின், வீட்டிலிருந்தபடியே பாட்டைப் பதிவு செய்துகொள்ளலாம் என்னும் நிலை இன்று ஏற்பட்டுள்ளது. முன்னர் இதற்குப் பட்டணத்து ஒலிப்பதிவு நிலையத்தை நாடி, மணிக்கணக்கில் வாடகை செலுத்த வேண்டியிருந்தது. இன்று ஊர் இளைஞர் மன்றமே ஒரு வில்லுப்பாட்டுக் குழுவின் கதைப்பாடலைப் பதிந்து வைக்க முடியும். திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கோயில் கொடை விழாக்களில் இரவெல்லாம் கதை பாடிவந்த புலவர்களுள் முதியோர் பலர். அவர்கள் பாடும் கதை ஏட்டில் இருக்கலாம். பாடும் மெட்டும் ஏற்ற இறக்கமும் ஏட்டில் இரா. ஆதலின், கருவி வாங்குவதில் தவறினால் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. மறுமுறை பாடுவதற்கு அப்பெரியவர் இல்லாமற் போகவும் கூடும்.

ஒலி அட்டை என்பது யாது? மைக்கிலிருந்து வரும் மின் அலையை எண்களாக்கிக் கணிப்பொறிக்குத் தருவதும், அவ்வெண்களை மீண்டும் மின் அலையாக்கி ஒலிபெருக்கிக்குத் தருவதும் இதன் பணி. 1989-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்பதை வெளியிட்ட காலத்தில், கணிப்பொறியின் பெட்டியைத் திறந்து உள்ளே செருகும் அட்டையாகவே இது இருந்தது. இப்போது இசைப்பதிவுக்கென வாங்குவது பெரும்பாலும் யு.எஸ்.பி. கம்பியால் வெளியிலிருந்து இணைக்கும் சிறு பெட்டியே. கடைக்காரர் இதனை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பர். பழைய பெயர் வழக்கில் நிற்பதால் நாமும் ஒலி அட்டை என்றே கூறுவோம்.

கணிப்பொறியிலேயே ஒலி வசதி இருக்க இது எதற்கு என்று சிலர் வினவுவர். பாட்டுக் கேட்பதற்கு உள்ளிருக்கும் வசதி தாராளமாகப் போதும். அதற்காக ஒரு காசும் செலவிட வேண்டுவதில்லை. ஆனால் அதன் மைக் துளை, உரையாடலுக்கு உதவும் சிறு மைக்குகளை எண்ணி அமைக்கப்பட்டது. மேடை மைக்கின் மெல்லிய மின் அலையைத் தூய்மையாகப் பெருக்கும் ஆற்றல் அதற்கில்லை. பெருக்கினால் பாட்டுடன் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

விளம்பரங்களில் காணும் எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். அவற்றுள் நமக்கு வேண்டியவை இரண்டே. மாதிரி வீதம் என்பது ஒலி அலையை ஒரு நொடியில் எத்தனை முறை அளந்து பார்க்கிறது என்பதாம். குறுந்தகட்டிற்கு இது 44,100. மனிதன் செவி ஏறக்குறைய 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது; அளக்கும் முறை அதன் இரு மடங்கிற்குச் சற்று மேற்பட்டிருந்தால் போதும். எனவே 48,000 என்பதே நமக்கு நிறைவு. 1,92,000 எனப் பெருமையாக எழுதியிருப்பது அதனினும் நான்கு மடங்கு இடத்தை அடைக்குமேயன்றி, வில்லுப்பாட்டை நான்கு மடங்கு இனிமையாக்காது.

மற்றது பிட் அளவு. இது முக்கியமானது. நெல்லை மரக்காலால் மட்டும் அளப்பவனுக்கு மிச்சமிருக்கும் ஆழாக்கு நெல் கணக்கில் வாராது. சிறு அளவையும் கைவசம் வைத்திருப்பவனுக்கு வரும். 16 பிட் பதிவில் ஒலியின் உயரம் 65,536 படிகளாக அளக்கப்படுகிறது. 24 பிட் பதிவிலோ 1,67,77,216 படிகள். இதனால் என்ன பயன்? புலவர் கதையை மெல்லத் தொடங்கி, உச்சக்கட்டத்தில் திடீரெனக் குரலை உயர்த்துவார். அளவு மீறினால் ஒலியின் தலை வெட்டுண்டு கரகரப்பாகிவிடும். பின்னர் எவராலும் அதனைச் செம்மையாகத் திருத்த முடியாது. 24 பிட் இருப்பின், உச்சத்திற்கு 12 டெசிபல் இடம் விட்டுத் தாழ்வாகவே பதியலாம். மெல்லிய பகுதியும் கெடாது. ஆதலால் 24 பிட் இல்லாத அட்டையை, விலை குறைவு என்பதற்காக வாங்குதல் சிக்கனமன்று.

எத்தனை மைக் துளைகள் வேண்டும்? தாமே பாடித் தாமே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்பவருக்கு ஒன்று போதும். வில்லுப்பாட்டு அத்தகையதன்று. புலவர் ஓரடி பாட, பின்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுவர். உடுக்கையும் குடமும் தாளமும் அவர்தம் முகம் பார்த்தே ஒலிக்கும். தனித்தனியே பதிந்து ஒட்டினால் உயிர் போய்விடும். புலவருக்கு ஒரு மைக், குழுவிற்கு நடுவில் ஒரு மைக் என இரண்டு துளைகள் வேண்டும். எட்டுத் துளை உள்ள பெட்டி சிறப்புடையதே. ஆயினும் எட்டு மைக்கும் எட்டுக் கம்பியும் வாங்க வேண்டிவரும் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

துளைகள் எக்ஸ்.எல்.ஆர். என்னும் மூன்று முனை வகையினவாக இருத்தல் வேண்டும். ஊர் மைக்செட்டுக்காரரிடமுள்ள டைனமிக் மைக்கையே இரவல் வாங்கிப் பயன்படுத்தலாம். அது தூசிக்கும் ஈரத்திற்கும் எளிதில் அஞ்சாதது. ஆனால் அவரது கம்பியின் மறுமுனையில் கால் அங்குல ஊசி இருப்பதுண்டு. அதை அப்படியே செருகினால், பல அட்டைகளில் மைக் பெருக்கிக்குச் செல்லாமல் வேறு வழியில் சென்று, ஒலி ஈனமாகக் கேட்கும். இரு முனையிலும் எக்ஸ்.எல்.ஆர். உள்ள கம்பியைத் தனியே வாங்கிக்கொள்க. கண்டென்சர் மைக் வைத்திருப்போர், அட்டையில் 48 வோல்ட் பொத்தான் உளதா எனப் பார்த்தல் வேண்டும். அம்மின்சாரமின்றி அவ்வகை மைக்குகளிற் பெரும்பாலானவை பேசா.

இனி, புதியவர் பலரும் அறியாத தொல்லை ஒன்றுண்டு. அக்கரையில் துணி துவைப்பவர் கை விழுந்த பின்னரே அடியோசை நம் செவிக்கு எட்டுவதைக் கண்டிருப்பீர்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்லும். கணிப்பொறியும் அவ்வாறே ஒலியைச் சிறு சிறு கூடைகளில் நிரப்பித்தான் எடுத்துச் செல்கிறது. 48,000 வீதத்தில் 1,024 மாதிரிகள் கொண்ட கூடை நிரம்ப 21 மில்லி நொடி ஆகும். போகவும் வரவும் இரு கூடையெனில், பாடுபவர் தம் குரலையே 14 மீட்டருக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல் ஹெட்போனில் கேட்பார், தாளம் தடுமாறும். கூடையை 128 ஆகக் குறைத்தால் 3 மில்லி நொடிக்கும் குறைவே. ஆனால் பழைய கணிப்பொறி திணறி, பதிவில் சொடுக்கொலி விழும். இதற்கு எளிய மருந்து, மைக்கின் ஒலியைக் கணிப்பொறிக்குச் செல்லாமலே நேராக ஹெட்போனுக்குத் தரும் வசதியாகும். இஃதுள்ள அட்டையையே வாங்குக. விண்டோஸ் கணிப்பொறியாயின், தயாரிப்பாளரே அளிக்கும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் உண்டா என்றும் கேட்டறிக.

பழைய பொருள் வாங்குவதில் தவறில்லை. எனினும் ஃபயர்வயர் கம்பியால் இணைக்கும் பெட்டிகள் எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் விலக்குக; இக்காலக் கணிப்பொறிகளில் அத்துளை இல்லை. பணம் கொடுக்குமுன் நம் கணிப்பொறியைக் கையோடு கொண்டு சென்று, மைக்கைச் செருகி, ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் பதிவு செய்து கேட்க வேண்டும். இரைச்சல் மிகுந்தாலும், குமிழைத் திருகும்போது கரகரத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கையில் 10,000 ரூபாய் இருப்பதாகக் கொண்டால், பாதிக்கு மேல் ஒலி அட்டைக்குச் செலவிடலாகாது என்பது எம் கருத்து. மைக், தாங்கி, கம்பி, செவியை மூடும் ஹெட்போன் ஆகியவை மீதியில் வர வேண்டும். பதிவு செய்யும் மென்பொருளுக்குச் செலவில்லை. ஆடாசிட்டி இலவசமாகக் கிடைக்கிறது. அறைக்கும் செலவில்லை. வெறுஞ்சுவரில் ஒலி மோதி எதிரொலிக்காதபடி, பஞ்சு மெத்தைகளையும் கனத்த போர்வைகளையும் சுவரோரம் தொங்கவிட்டால் போதும். மின்விசிறியை நிறுத்துக. உறுமல் ஒலி கேட்டால் மடிக்கணிப்பொறியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, மின்கலத்திலேயே ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

24 பிட், 48,000 வீதத்தில் இரு மைக்கின் பதிவு நிமிடத்திற்கு ஏறக்குறைய 17 மெகாபைட் இடங்கொள்ளும். இரண்டு மணி நேரக் கதைக்கு 2 கிகாபைட்டுக்குச் சற்று மேல். அதனைச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே இரு படிகள் எடுத்து, ஒன்றை மன்றத்திலும் மற்றொன்றைப் புலவர் வீட்டிலும் வைத்திடுக.