கூலி கேட்டதற்குக் குண்டு

முதல் உலகப்போர் 1914–1918, இரண்டாம் உலகப்போர் 1939–1945 என்று வருடத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த இரண்டு போரிலும் பிரான்சுக்காகத் துப்பாக்கி பிடித்தவர்களில் பிரான்சைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஆப்பிரிக்கர்கள் ஏராளம். அவர்களைப் பற்றி நான் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

1857-இல் செனகலின் ஆளுநராக இருந்தவர் ஃபெதெர்ப். அங்கே நோயில் விழாமல் சண்டை போட உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்று அவர் ஒரு படையை உருவாக்கினார். அதன் பெயர் 'செனகல் திராயேர்'. திராயேர் என்றால் துப்பாக்கிச் சிப்பாய். பெயர்தான் செனகல். உள்ளே இருந்தவர்கள் இன்றைய மாலி, கினி, புர்கினா ஃபாசோ, ஐவரி கோஸ்ட் என்று பல நாட்டுக்காரர்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது!

1910-இல் மான்ஜன் என்ற பிரெஞ்சு அதிகாரி ஒரு புத்தகம் எழுதினார். பிரான்சில் பிள்ளைகள் பிறப்பது குறைந்துவிட்டது, அதனால் ஆப்பிரிக்காவிலிருந்து சிப்பாய்களைக் கொண்டுவரலாம் என்றார். சரி, அதுவாவது ஒரு கணக்கு. கருப்பர்களுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்றும் எழுதினார் பாருங்க, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதல் உலகப்போருக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் சுமார் 2 லட்சம் பேரைச் சேர்த்தார்கள். ஊர்த்தலைவர் இத்தனை பேரைத் தர வேண்டும் என்று கணக்கு. தலைவர்கள் சொந்தப் பிள்ளையையா அனுப்புவார்கள்? ஏழை வீட்டுப் பையன்கள்தான் மாட்டினார்கள். பலர் காட்டுக்குள் ஓடினார்கள், சிலர் எல்லை தாண்டி ஆங்கிலேயர் பகுதிக்குப் போனார்கள். 1915-இல் வோல்டா ஆற்றுப் பக்கம் பெரிய கலகமே நடந்தது. சுமார் 1,35,000 பேர் ஐரோப்பாவில் போரிட்டார்கள், ஏறக்குறைய 30,000 பேர் இறந்தார்கள்.

குளிர் அவர்களுக்கு இன்னொரு எதிரி. அதனால் குளிர்காலத்தில் தென் பிரான்சில் ஃப்ரெஜுஸ் பக்கத்து முகாம்களுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். ஆனால் 1917 ஏப்ரல் 16-இல், பனி விழுந்துகொண்டிருந்தபோதே, ஷெமான் தெ தாம் மேட்டில் ஏறச் சொன்னார்கள். விறைத்த கையால் துப்பாக்கியைப் பிடிப்பதே கஷ்டம். கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். செனகலிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்வான பிளேஸ் தியாஞ் இதைக் கண்டித்துப் பேசினார். அடுத்த வருடமே அதே தியாஞ் ஆப்பிரிக்கா போய் 60,000 பேருக்கு மேல் ஆள் சேர்த்துக் கொடுத்தார். ரத்தம் கொடுத்தால் உரிமை கிடைக்கும் என்று நம்பினாராம். அவரை நல்லவர் என்பதா, ஏமாந்தவர் என்பதா? எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

(இடையில் ஒன்று: புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவகத்தைப் பார்த்திருப்பீங்க. முதல் உலகப்போரில் இறந்த பிரெஞ்சிந்தியச் சிப்பாய்களுக்காக 1938-இல் திறந்தது அது.)

1940-இல் பிரான்ஸ் தோற்றபோது லியோன் அருகே ஷாஸ்லே என்ற ஊரில், பிடிபட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைத் தனியே பிரித்து ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். வெள்ளைக்காரக் கைதிகளை விட்டுவிட்டார்கள். அங்கே இப்போது செம்மண் நிறச் சுவரோடு, ஆப்பிரிக்கக் கோட்டை மாதிரி ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. டக்காரிலிருந்து விமானத்தில் மண் கொண்டுவந்து அதில் கலந்தார்கள்.

1944 ஆகஸ்டில் துலோன் நகரை மீட்டதிலும் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் வெற்றி நெருங்கியதும் என்ன செய்தார்கள்? குளிர் வருகிறது என்று சொல்லி ஆயிரக்கணக்கான கருப்புச் சிப்பாய்களை முன்னணியிலிருந்து எடுத்துவிட்டு வெள்ளைக்கார இளைஞர்களைச் சேர்த்தார்கள். போட்டிருந்த கோட்டைக் கழற்றிப் புதியவர்களிடம் கொடுக்க வேண்டியிருந்தது. இதற்கு 'வெள்ளையாக்குதல்' என்றே பெயர்.

இனிமேல் சொல்வதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அட்லஸில் ஆப்பிரிக்காவின் மேற்கு மூக்கைப் பாருங்க. அங்கே டக்கார், பக்கத்திலேயே தியாரோய். ஜெர்மானியரிடம் நான்கு வருடம் கைதியாக இருந்து மீண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 1944 நவம்பரில் கப்பலில் வந்து அந்த முகாமில் தங்கினார்கள். கைதியாக இருந்த காலத்துக்குச் சம்பளப் பாக்கி இருந்தது. கையில் இருந்த பிரெஞ்சு நோட்டையும் பாதி மதிப்புக்குத்தான் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். பாக்கியைக் கொடுக்காமல் ஊருக்குப் போக மாட்டோம் என்று இவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு ஜெனரலின் காரையும் மறித்தார்கள்.

டிசம்பர் 1 காலையில் முகாமைச் சுற்றி வளைத்துச் சுட்டது பிரெஞ்சு ராணுவம், அதாவது அவர்களுடைய சொந்த ராணுவம்! இறந்தவர்கள் 35 என்று ஓர் அறிக்கை, 70 என்று இன்னொரு அறிக்கை. நூற்றுக்கணக்கில் இருக்கும் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். சுட்டவர்களுக்குத் தண்டனை இல்லை. உயிர் பிழைத்தவர்களில் 34 பேருக்கு 1945-இல் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். பின்னால் மன்னித்து விடுவித்தார்கள். தானே போர்க்கைதியாக இருந்தவரும், பிறகு செனகலின் முதல் ஜனாதிபதி ஆனவருமான செங்கோர் இதைப் பற்றிக் கவிதை எழுதினார். திராயேராக இருந்த உஸ்மான் செம்பேன் 1988-இல் படமே எடுத்தார். இது படுகொலைதான் என்று பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் கடிதம் எழுதியது 2024 நவம்பரில். 80 வருடம் ஆகியிருக்கிறது.

சம்பளம் போகட்டும், ஓய்வூதியம்? 1959-இல் ஒரு சட்டம் போட்டு, விடுதலை பெறும் நாடுகளின் சிப்பாய்களுக்கு அந்தத் தொகையை அப்படியே உறைய வைத்தார்கள். பிரெஞ்சுக்காரருக்கு விலைவாசியோடு ஏறும், இவர்களுக்கு ஏறாது. ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள்! 2001-இல் பிரெஞ்சு உயர் நீதிமன்றமே இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2007-இல்தான் போர் ஓய்வூதியத்தைச் சமமாக்கினார்கள். முதல் உலகப்போரின் கடைசித் திராயேர் அப்துலாயே நிதியாயே 1998 நவம்பர் 10-இல், 104 வயதில், தன் கிராமத்தில் இறந்தார். மறுநாள் அவருக்குப் பிரான்சின் உயரிய பதக்கம் தருவதாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. முதியோருக்கான உதவித்தொகை வேண்டுமென்றால் வருடத்தில் பாதி நாள் பிரான்சிலேயே வசிக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. அதனால் இந்தோசீனா, அல்ஜீரியப் போர்களில் இருந்த கிழவர்கள் பேரன் பேத்தியை விட்டுப் பாரிஸ் பக்கம் சிறு அறைகளில் தனியாகக் கிடந்தார்கள். 2023-இல் விதியைத் தளர்த்தினார்கள். அந்த ஏப்ரலில் ஒன்பது பேர் விமானம் ஏறி டக்காருக்குத் திரும்பினார்கள்.

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு